தெருவை இழந்தோர்

‘பட்டிக்காட்டான்’ என்றொரு வசைச்சொல் நம் நாட்டிலே உண்டு. நகரத்து மிடுக்கு, நாட்டுப்புறத்து எளிமையைக் கண்டு எள்ளி நகையாடும்போது நாவிலே துள்ளி வரும் சொல் அது. அமெரிக்க நாட்டார் அதற்கு ஈடாக ஒரு சிறு சொல் வைத்திருந்தனர்: ‘ஜே’. உயர்ந்தோங்கிய மாடங்களை அண்ணாந்து பார்த்தபடி அங்காடித் தெருவிலே இடறியும் இடித்தும் தடுமாறும் நாட்டுப்புறத்தானுக்கு அவர்கள் இட்ட பெயர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நடப்பவனைக் குறிக்கும் சொல்லை அதனோடு கோத்தனர். ‘ஜேவாக்கர்’ பிறந்தான். நடைபாதையிலே ஒழுங்கின்றி நடந்து பிறர்மேல் மோதுகிறவன் என்பதே தொடக்கத்தில் அதன் பொருள். சில ஆண்டுகளுக்குள் பொருள் மாறிற்று. மோட்டார் ஓடும் தெருவிலே குறுக்கே கால் வைக்கத் துணிந்தவன் எவனோ, அவனெல்லாம் ஜேவாக்கர்!

சொற்களிலே இரு வகை உண்டு, தோழர்களே! பொருளைக் காட்டப் பிறந்தவை சில. பொருளைக் கவரப் பிறந்தவை சில. இந்தச் சொல் இரண்டாம் வகை. இது கவர்ந்த பொருள் பொன்னன்று, மணியன்று, தெரு! நேற்றுவரை ஊரார் அனைவர்க்கும் உரிமையாக இருந்த தெரு.

எப்படிப் பறிபோயிற்று அது? பறிகொடுத்தவர்கள் அதனை உணர்ந்தார்களா? தம் வீட்டு வாயிலிலே நின்று பார்க்கும்போது, ‘இது நான் நடக்கும் தெரு’ என்று எண்ணினார்களா, ‘இது எனக்கு ஆகாத இடம்’ என்று ஒதுங்கினார்களா? தெரு நடக்கத் தக்கதா என்ற இந்தக் கேள்வியை, அந்தத் தெருவிலே குடியிருப்போரிடமே சென்று கேட்கவேண்டும் என்ற எண்ணம் அறிஞர் உலகுக்கு எழ அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை அளந்தவர்கள் உண்டு, எண்ணியவர்கள் உண்டு, கேட்டவர்கள் இல்லை.

மோட்டார் வருவதற்கு முன் நியூயார்க், சிக்காகோ, பால்டிமோர் முதலான நகரங்களின் தெருக்கள் தூய்மையின் இருப்பிடங்களாக இருந்தன என்று நான் கதை கட்ட மாட்டேன். குதிரைச் சாணமும் சேறும், நெரிசலும் இரைச்சலும் நிறைந்தவைதாம். ஆயினும், கதவைத் திறந்தால் தெரு. தெருவில் இறங்கினால் ஊர்! தள்ளுவண்டிக்காரன் கூவி விற்றான். தாய்மார் நின்று பேசினர். சிறார் பந்தடித்தனர். டிராம் வந்தால் மணியோசை கேட்டு விலகினர்; போனதும் மீண்டும் தெருவை நிறைத்தனர். தெரு அனைவர்க்கும் பொது, வண்டியோட்டிக்கு உள்ள உரிமை நடப்பவனுக்கும் உண்டு என்பதே அந்நாட்டு நீதிமன்றங்கள் வழிவழியாக ஏற்றுக்கொண்டிருந்த நெறி. வலியவன் மெலியவனைக் கண்டு வேகம் தணிக்கவேண்டும். மெலியவன் வலியவனுக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்க வேண்டியதில்லை. இதுதான் அன்றைய அறம்.

வந்தது மோட்டார். வந்தபோது அது சீமான்களின் விளையாட்டுப் பொருள். ஃபோர்டு தொழிற்சாலை மலிவு விலை வண்டிகளை வரிசை வரிசையாக வெளியே தள்ளத் தொடங்கியபின், பல்லாயிரக்கணக்கில் பெருகிற்று. 1920களின் பத்தாண்டுகளில் மட்டும் அமெரிக்க நாட்டிலே மோட்டாரால் மாண்டோர் இரண்டு இலட்சத்துக்கும் மேல். நகரங்களிலே மாண்டவர்களில் மிகப் பலர் நடந்து சென்றவர்கள். அவர்களிலும் பலர் சிறார்.

மக்கள் வாளாவிருந்தார்களா? இல்லை! இதை நாம் அழுத்தமாக நினைவில் கொள்ளவேண்டும். ‘காலம் மாறிற்று, காரும் வந்தது, மக்கள் மனமுவந்து வழிவிட்டனர்’ என்று பிற்காலத்தார் எழுதிவைத்த கதை பொய்க்கதை. பீட்டர் நார்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் பழைய ஏடுகளைப் புரட்டி, 2008ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே அந்தப் பொய்யைத் தோலுரித்துக் காட்டினார். பால்டிமோரில் 1922ஆம் ஆண்டு, விபத்தில் மாண்ட சிறார்க்கு நினைவுத்தூண் எழுப்பினர். அதே ஆண்டு நியூயார்க்கிலே பத்தாயிரம் சிறார் அணிவகுத்தனர். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், முந்திய ஆண்டு மாண்டுபோனவர்களைக் குறிக்கும் தனி அணியாக நடந்தனர். போரில் மடிந்த வீரனுக்குச் செய்யும் சிறப்பை, வீட்டு வாயிலில் மடிந்த மழலைக்கு ஊரே கூடிச் செய்தது. ஏடுகள் மோட்டாரை எமனாகத் தீட்டின. குற்றவாளி யார் என்பதில் மக்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

1923ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரிலே அந்தச் சினம் சட்ட வடிவம் பெறப் பார்த்தது. நகருக்குள் ஓடும் ஒவ்வொரு மோட்டாரிலும், மணிக்கு 25 மைலுக்கு மேல் போகவிடாமல் அடக்கும் கருவியைப் பொருத்தவேண்டும் என்று 42,000 பேர் கையெழுத்திட்டுக் கேட்டனர். விரைவே உயிர் என்று விற்கப்படும் பொருளுக்கு விரைவைத் தடுக்கும் கருவியா? விற்பவர் நடுங்கினர். மோட்டார் வணிகரும் மோட்டார்ச் சங்கத்தாரும் ஒன்றுகூடிப் பணத்தை வாரி இறைத்தனர். நகரெங்கும் எதிர்ப் பரப்புரை செய்தனர். அவ்வாண்டு நவம்பர் திங்களிலே நடந்த வாக்கெடுப்பிலே அந்தத் திட்டம் படுதோல்வி அடைந்தது.

தோற்ற மக்கள் வீடு திரும்பினர். வென்ற வணிகரோ வீடு திரும்பவில்லை! இன்னொரு நகரில் இதே கிளர்ச்சி எழுந்தால் என்ன செய்வது என்று சிந்தித்தனர். ‘மோட்டாரைக் குறை கூறாதே, மாண்டவனைக் குறை கூறு’ என்பதே அவர்கள் கண்ட வழி. மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் ஏடுகளுக்குச் செய்தி வழங்கும் பணி ஒன்றைத் தொடங்கிற்று. உள்ளூர் நிருபர் விபத்துக் குறிப்பை அனுப்பினால், அச்சேற்றத்தக்க கட்டுரை திரும்பி வரும். செலவில்லாத சரக்கு! ஏடுகள் ஏற்றன. அந்தக் கட்டுரைகளிலே குற்றவாளி மாறினான். விரைந்து வந்தவன் அல்லன், விலகாது நின்றவனே குற்றவாளி!

எள்ளலும் கருவியாயிற்று. 1913ஆம் ஆண்டிலேயே சிராக்கியூஸ் நகரத்துப் பெருங்கடை ஒன்றின் கிறிஸ்துமஸ் தாத்தா, ஒலிபெருக்கும் குழலைக் கையில் ஏந்திக்கொண்டு, தெருவைக் குறுக்கே கடந்தவர்களை ‘ஜே’ என்று கூவிக் கேலி செய்தார். வானத்திலிருந்து வண்டியில் வருகிறவர் அல்லவா, கால்நடையாக வருவோரைக் கண்டால் அவருக்கு இளப்பந்தான்! சாரணச் சிறுவர் கையிலே அறிவுரைச் சீட்டுகளைக் கொடுத்து, நடப்போரை நாணச் செய்தனர். 1924இல் நியூயார்க்கிலே நடந்த ஊர்வலத்தில் ஒரு கோமாளியை முன்னே நடக்கவிட்டு, மெல்ல வந்த மோட்டார் அவனை மீண்டும் மீண்டும் முட்டிற்று. கண்டோர் சிரித்தனர். ஈராண்டுக்கு முன் இதே நகர மக்கள்தாம் மாண்ட சிறாரின் அணிவகுப்பைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள். கண்ணீரைச் சிரிப்பாக்க ஈராண்டு போதியதாயிருந்தது.

பின்னர் வந்தது சட்டம். கான்சஸ் நகரம் 1912இலேயே தொடங்கிவைத்த வேலையை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1925ஆம் ஆண்டு முற்றுவித்தது. நாற்சந்தியிலே கோடு போட்ட இடத்தில் மட்டும் நட. மற்ற இடமெல்லாம் மோட்டாருக்கு! அந்த நகரச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, 1928இல், ஹெர்பர்ட் ஹூவர் வணிகத்துறைச் செயலாளராக இருந்து கூட்டிய மாநாட்டின் வழியே நாடெங்கும் பின்பற்றத்தக்க மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டது. நகரம் நகரமாக அது பரவிற்று.

ஆண்டுகளைக் கவனித்தீர்களா? 1924, 1925. அதே ஆண்டுகளிலேதான் திருவிதாங்கூரில், வைக்கத்திலே, கோவிலைச் சுற்றிய தெருக்களில் மனிதர் நடக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. நாய் நடந்த தெரு. மாடு நடந்த தெரு. ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாத தெரு! 1924 மார்ச்சு 30ஆம் நாள் தொடங்கிய அந்தக் கிளர்ச்சியிலே ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் இருமுறை சிறை புகுந்ததும், 1925 நவம்பரில் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்துவிடப்பட்டதும் இந்த ஏட்டைப் படிப்போர்க்குப் புதிய செய்திகளல்ல. வைக்கத்தையும் லாஸ் ஏஞ்சல்சையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது என் நோக்கமன்று. பிறப்பைக் காட்டி மனிதனை மிருகத்தினும் கீழாக்கிய கொடுமைக்கு ஈடான கொடுமை வேறில்லை. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வைக்கத்திலே தடை, பலகையில் எழுதப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, எனவே கை ஓங்கி எதிர்க்க முடிந்தது. லாஸ் ஏஞ்சல்சிலே தடை, ‘உன் நன்மைக்காக’ என்ற போர்வையைப் போர்த்துக்கொண்டு வந்தது. இழந்தவனே நன்றி கூறினான்! நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ‘தெரு யாருடையது?’ என்று அவன் பேரனைக் கேட்டால், ‘மோட்டாருடையது, வேறு யாருடையது?’ என்று விழித்திருப்பான்.

அந்த நாற்பதாண்டிலே பொறியாளர்கள் பெருகினர். தெருவின் நலத்தை அளக்க அவர்கள் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: மணிக்கு எத்தனை மோட்டார் கடக்கும்? அகலப்படுத்து, ஒருவழிப் பாதையாக்கு, மரத்தை வெட்டு, நடைபாதையை நறுக்கு. தெருவோரத்திலே வீடுகள் உண்டு, வீடுகளிலே மனிதர் உண்டு என்பது அந்தக் கணக்கிலே எந்தக் கட்டத்திலும் இடம் பெறவில்லை.

முதலில் முணுமுணுத்தவர்கள் பெண்கள். நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நடுவே பெருஞ்சாலை போட முனைந்தார் ராபர்ட் மோசஸ் என்ற பேரதிகாரி. பாலங்களும் பெருவழிகளும் கட்டி நகரையே தம் கைப்பிடியில் வைத்திருந்தவர். அவரை எதிர்த்து 1952இல் களம் இறங்கியவர் ஷர்லி ஹேஸ் என்ற தாய். தாய்மார் கூட்டம் ஒன்றைத் தவிர இதை எதிர்ப்பவர் எவருமில்லை என்று மோசஸ் சீறியதாக, அந்தப் போராட்டத்தில் பங்கு கொண்ட ஜேன் ஜேக்கப்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தாய்மார் கூட்டம் வென்றது. 1958இல் பூங்காவுக்குள் மோட்டார் நுழைவதே நின்றது. ஜேக்கப்ஸ் அம்மையார் 1961இல் எழுதிய நகரங்களைப் பற்றிய நூல் உலகப் புகழ் பெற்றது. கல்லூரிப் பட்டம் பெறாதவர். நகரமைப்புக் கலையைப் பயிலாதவர். தம் வீட்டுச் சன்னலிலிருந்து ஹட்சன் தெருவைப் பார்த்தே அதனை எழுதினார். கடைக்காரரும் வழிப்போக்கரும் வாயிலில் நிற்போரும் தெருவுக்குக் கண்களாக இருப்பதனாலேயே தெரு அச்சமின்றி நடக்கத் தக்கதாகிறது என்றார். வல்லுநர்கள் முகம் சுளித்தனர். சன்னலைப் பார்த்தவளுக்கு என்ன தெரியும் என்றனர்!

சன்னலைப் பார்த்தவர்களிடமே போய்க் கேட்டுவிடுவோம் என்று கிளம்பியவர்தாம் டொனால்டு ஆப்பிள்யார்டு. இலண்டனிலே பிறந்தவர். அமெரிக்கா சென்று, கெவின் லிஞ்ச் முதலானோருடன் சேர்ந்து 1964இலே ஒரு நூல் எழுதினார். பெருஞ்சாலையில் விரையும் மோட்டாரிலிருந்து பார்த்தால் நகரம் எப்படித் தெரியும் என்பதே அந்த நூலின் பொருள்! மோட்டாருக்குள் அமர்ந்து பார்த்தவர், பெர்க்லி பல்கலைக் கழகத்துக்கு வந்தபின், மோட்டாரைவிட்டு இறங்கித் தெருவோரத்து வீட்டின் கதவைத் தட்டினார். 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரிலே மார்க் லிண்டெல் என்பவரோடு சேர்ந்து அவர் நடத்திய ஆய்வு 1972இல் வெளிவந்தது. ‘குடியிருப்போர் நோக்கு’ என்பதே அதன் தலைப்பின் பிற்பகுதி.

அடுத்தடுத்து அமைந்த மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டனர். தோற்றத்தில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றிலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 மோட்டார்கள்; மற்றொன்றிலே 8,000; மூன்றாவதிலே 16,000. தெருக்களின் உண்மைப் பெயரைச் சொல்லாமல் குறைந்த தெரு, நடுத்தரத் தெரு, மிகுந்த தெரு என்ற பொருள்படப் பெயரிட்டனர். பிறகு வீடு வீடாக ஏறி அமர்ந்து பேசினர். இந்தத் தெருவில் உமக்கு நண்பர் யார் யார்? முகம் பார்த்து வணக்கம் சொல்லும் அளவுக்குத் தெரிந்தவர் எத்தனை பேர்? எங்கே நின்று பேசுவீர்? பிள்ளைகள் எங்கே விளையாடுவர்? உம் வீடு என்று நீர் கருதுவது எதுவரை? வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும்!

குறைந்த தெருவிலே குடியிருந்தவருக்கு அந்தத் தெருவிலே சராசரி 3 நண்பர்; தெரிந்தவர் 6.3 பேர். நடுத்தரத் தெருவில் நண்பர் 1.3, தெரிந்தவர் 4.1. மிகுந்த தெருவிலே நண்பர் ஒருவர்கூட முழுமையாக இல்லை: 0.9! தெரிந்தவர் 3.1. நண்பர்களிடையே ஆய்வாளர் கோடு இழுத்துப் படம் வரைந்தனர். குறைந்த தெருவின் படத்திலே கோடுகள் இப்பக்கமும் அப்பக்கமும் நெசவுத்தறியின் ஊடுநூல் போல ஓடின. மிகுந்த தெருவின் படத்திலே அவை அறுந்த நூல்கள். எதிர்வரிசைக்குச் சென்றவை மிகச் சில.

நட்புக் கணக்கைவிட என்னை ஈர்த்தது எல்லைக் கணக்கு. ‘உம் வீடு எதுவரை?’ என்ற கேள்விக்குக் குறைந்த தெருவிலே பலர், தெரு முழுவதையும் சுற்றிக் கோடு போட்டனர். எதிர்வீட்டு வாசற்படியும், நடைபாதையும், மோட்டார் ஓடும் நடுத்தெருவும் அவர்களுக்கு ‘என் வீடு’. மிகுந்த தெருவிலே இருந்தவர்கள் தம் கட்டடத்தைச் சுற்றி மட்டும், சிலர் தம் அறைகளைச் சுற்றி மட்டும், கோடு போட்டனர். வாசற்படியைத் தாண்டினால் அயல்நாடு! அங்கே நடைபாதை இருந்தது; அகலத்தில் குறைவில்லை; அளவுகோல் கொண்டு அளந்தால் நடக்கத் தக்கதுதான். ஆனால் குடியிருந்தவர் கண்ணுக்கு அது வீட்டுக்கும் வேறிடத்துக்கும் இடையே ஓடிக் கடக்கவேண்டிய இடுக்கு வழி. நிற்குமிடமன்று, நிம்மதியாக நடக்குமிடமன்று.

இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டிற்று. மேலோட்டமாகப் படிப்போர் அதைத் தவறவிடுவர். போக்குவரவு மிகுந்த தெருவிலேதான் முறையீடு மிகுந்திருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர் அல்லவா? எல்லா வகையிலும் அப்படி இருக்கவில்லை. சிலவற்றிலே நடுத்தரத் தெருவினரே மிகுதியாகக் குமுறினர். ஏன்? அவர்கள் தெரு அண்மையிலேதான் கெட்டுக்கொண்டிருந்தது. நேற்று இருந்த நிலை அவர்கள் நினைவிலே பசுமையாக இருந்தது. இழப்பை அளக்க அளவுகோல் இருந்தது. மிகுந்த தெருவிலோ, பிள்ளைகுட்டிக்காரர் முன்பே வெளியேறிவிட்டனர். எஞ்சியோர், போக வழியற்ற முதியோரும், இன்று வந்து நாளை போகும் வாடகைக்காரரும். தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்தினர், பின்கட்டு அறையில் ஒடுங்கினர், பழகிப்போயினர்.

பழகிப்போவது! எத்தனை முறை கேட்டிருக்கிறோம் இந்தச் சொல்லை! ‘அவர்கள் குறை சொல்லவில்லையே, நீங்கள் ஏன் கிளறுகிறீர்கள்?’ என்று கேட்பவன் எந்த நாட்டிலும் உண்டு, எந்த நூற்றாண்டிலும் உண்டு. சேரியிலே ஒதுக்கப்பட்டவன் வாய் திறக்காததைக் காட்டி, அவன் நிறைவோடு வாழ்கிறான் என்று கூறிய அதே நாக்குதான் இங்கும் பேசுகிறது. நகராட்சிப் பொறியாளர் மேசைமீது முறையீட்டுத் தாள்கள் குவிந்தால் அந்தத் தெரு தீய தெரு. தாள் வராவிட்டால் நல்ல தெரு. மிகுந்த தெருவிலிருந்து தாள் வரவில்லை. ஏனெனில் தாள் எழுதக்கூடியவன் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டான்.

ஆப்பிள்யார்டு ஆய்வைத் தொடர்ந்தார். மேலும் பல தெருக்களைச் சேர்த்து 1981இல் பெருநூலாக வெளியிட்டார். மறு ஆண்டு, 1982 செப்டம்பரில், ஏதென்ஸ் நகரிலே விரைந்து வந்த மோட்டார் ஒன்று மோதி மாண்டார். அகவை 54. கால் நூற்றாண்டு கழித்து, 2008இல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலே மூன்று தெருக்களை எடுத்து அதே ஆய்வை மீண்டும் செய்து பார்த்தனர். மோட்டார் மிகுந்தால் நட்புக் குறைகிறது என்ற அதே விடைதான் அங்கும் கிடைத்தது.

பழகிப்போக மறுத்தவர்களும் உண்டு. ஆலந்து நாட்டிலே 1971ஆம் ஆண்டு சாலை விபத்தில் மாண்டோர் ஏறத்தாழ 3,300 பேர். அவர்களிலே 400க்கும் மேற்பட்டோர் சிறார். தம் மகளை இழந்த செய்தியாளர் விக் லாங்கன்ஹாஃப் 1972இல் தம் ஏட்டிலே ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்பது அதன் தலைப்பு. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. ‘விபத்து’ என்ற சொல்லை எடுத்தெறிந்து ‘கொலை’ என்ற சொல்லை வைத்தார் அவர். அமெரிக்காவிலே ஒரு சொல் கொண்டு பறித்த தெருவை ஆலந்திலே ஒரு சொல் கொண்டு மீட்கப் புறப்பட்டனர்! ஆம்ஸ்டர்டாமில் டி பைப் என்னும் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பாட்டாளிகளுக்காக நெருக்கி நெருக்கிக் கட்டிய தெருக்களைக் கொண்டது. மோட்டார்கள் இருமருங்கும் நிறைந்து, பிள்ளைகளுக்குக் கால் வைக்க இடமில்லாது போயிற்று. 1972இல் அந்தப் பிள்ளைகளே வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கினர்; தெருவை மறித்துத் தடுப்பு வைத்தனர். சினந்த வண்டிக்காரர் சிலர் தடுப்புகளைப் பிடுங்கி எறிய முனைந்தனர். தொலைக்காட்சி அதைப் படமெடுத்து நாட்டுக்கே காட்டிற்று.

மறு ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது; ஞாயிறுதோறும் மோட்டார் ஓட்டக்கூடாது என்று அரசு ஆணையிட்டது. சில கிழமைகள்தாம். ஆயினும் அந்த ஞாயிறுகளிலே பெருவழிகளில் மக்கள் மிதிவண்டி ஓட்டினர், நடந்தனர். இழந்தது எவ்வளவு என்று நாடே ஒருமுறை கண்ணாரக் கண்டது. நடுத்தரத் தெருவினருக்கு இருந்த அந்த அளவுகோல், எல்லார்க்கும் கிடைத்துவிட்டது! டெல்ஃப்ட் நகரத்தார் அறுபதுகளின் இறுதியிலிருந்தே தம் குடியிருப்புத் தெருக்களைத் திருத்திக்கொண்டிருந்தனர். நடைபாதை என்றும் சாலை என்றும் பிரிக்கும் விளிம்பை அகற்றி, வளைவு வைத்து, மரம் நட்டனர். 1976இல் அது நாட்டுச் சட்டமாயிற்று. அத்தகைய தெருவிலே நடப்பவர் முழு அகலத்திலும் நடக்கலாம், சிறார் விளையாடலாம், மோட்டார் நடைவேகத்திலேதான் ஊரவேண்டும். விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்பதைச் சட்டமே எழுதிவிட்டது. சிறார் சாவு 400 என்ற அளவிலிருந்து இறங்கிச் சில பத்துகளாயிற்று. தெருத் திருத்தம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்வது மிகை. மிதிவண்டிப் பாதை, ஓட்டுநர் பொறுப்பு, மருத்துவ வளர்ச்சி எல்லாம் சேர்ந்தவை.

குடியிருப்போரைக் கேட்கும் வழக்கம் பிற்காலத்திலே ஒரு தனி நூற்பிரிவாகவே வளர்ந்துவிட்டது. உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் கடை உண்டா? நடைபாதை உண்டா? நிழல் உண்டா? இரவில் நடக்க அச்சம் உண்டா? இவ்வாறு வரிசையாகக் கேட்கும் வினாத்தாள் ஒன்றை அமெரிக்க ஆய்வாளர் 2003இல் வெளியிட்டனர். சான் டியாகோ நகரிலே இரு பகுதிகளில் கேட்டுப் பார்த்ததில், நடக்கத் தக்க பகுதியிலே வாழ்ந்தோர் மற்றப் பகுதியினரைவிடக் கிழமைக்கு 70 நிமிடம் மிகுதியாக உடல் உழைத்தனர் என்று தெரிந்தது. அதே வினாத்தாள் நம் சென்னைக்கும் வந்தது. இந்திய நகருக்கேற்ப அதைத் திருத்தி, சென்னைக் குடியிருப்புப் பகுதிகளிலே கேட்டுச் சரிபார்த்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. அயல்நாட்டு வினாவை அப்படியே மொழிபெயர்த்தால் இங்கே பொருந்தாது என்பது வெளிப்படை. நம் தெருவிலே நடைபாதைக் கடைக்காரனும் உண்டு, நாயும் உண்டு, தோண்டி மூடாத பள்ளமும் உண்டு. பெண் ஒருத்தி மாலையில் ‘நடக்கலாம்’ என்று சொல்வதும், ஆண் ஒருவன் அதே தெருவைப் பார்த்து ‘நடக்கலாம்’ என்று சொல்வதும் ஒன்றல்ல.

2022ஆம் ஆண்டு இந்திய நாட்டிலே சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர் 32,825 பேர் என்கிறது நடுவண் அரசின் கணக்கு. ‘பார்த்துப் போகவேண்டாமா?’ என்பதே இவர்களைப் பற்றி நாம் கேட்கும் இரங்கற்பா. ஜேவாக்கர் என்ற சொல் நமக்குத் தேவைப்படவில்லை. அதன் பொருளை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போர்க்கும் மிதிவண்டியாளர்க்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை வகுத்தது. போக்குவரவுச் செலவுத் தொகையிலே 60 விழுக்காட்டை அவர்களுக்கென ஒதுக்குவது அதன் ஒரு கூறு. 2019 நவம்பர் திங்களில், தியாகராய நகரிலே, நீதிக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயர் தாங்கிய சாலையில், பாண்டி பசாரில், மோட்டார் வழி சுருங்கி நடைபாதை அகன்றது. வாங்க வருவோர் நடக்கும் சாலை அது. அதற்குப் பின்னே கிளை கிளையாகப் பிரியும் தெருக்களிலே, பிற பேட்டைகளிலே, குடியிருப்போர் தம் தெருவை எப்படிப் பார்க்கின்றனர் என்பதை அறிய பல்கலைக் கழகம் வந்து சேரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆப்பிள்யார்டு முதலில் கேட்டது சில பத்துப் பேரைத்தான். நம் படிப்பகத்து இளைஞர் நால்வர் சேர்ந்தால் ஒரு தெருவை ஒரு கிழமையில் கேட்டு முடிக்கலாம். தெருவின் படம் ஒன்றைத் தாளிலே வரைந்து எடுத்துச் செல்லுங்கள். ‘உம் வீடு எதுவரை?’ என்று கேட்டு, அவர்களையே கோடு போடச் சொல்லுங்கள். முறையீடு எழுதியவர் வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். தெருப்பக்கத்துச் சன்னல் சாத்திய வீடுகளையும் தட்டுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் போனால் வேலைக்குச் சென்றவர்களும் வீட்டில் இருப்பர்.